திருப்பணியும் பூகம்பமும்

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும்ப்பா. ஆனா ரோடு, பாலம், சிமெண்ட் விலைன்னு எழுதி அறுத்துடாதே" என்று மலர்க் குழுவில் இருக்கும் வகுப்புத் தோழர் முன்கூட்டியே எச்சரிக்கை செய்துவிட்டார். ஆகவே கோயில்களைப் பற்றி எழுதுகிறேன். சிமெண்ட் கொஞ்சம் வரும், தவிர்க்க முடியாது.

நம் தஞ்சைப் பக்கத்தில் பழைய கட்டடங்களின் உறுதியைப் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததே. "ஆயிரம் வருஷமா நிக்குது தம்பி, அதுக்கு என்ன ஆயிடப் போவுது?" என்பார்கள். கை பெரிய கோயில் பக்கம் நீளும். இதில் பாதி உண்மை. ஆயிரம் வருடம் அப்படியே நின்றது பெரிய கோயில். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இருக்கும் மற்ற கோயில்கள் அப்படி நின்றவை அல்ல. அவை பிரிக்கப்பட்டன, மறுபடி கட்டப்பட்டன, மேலே மாடி ஏற்றப்பட்டன, பூசப்பட்டன, ஒழுகியபோது அடைக்கப்பட்டன. ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்திருக்கிறது. எனவே ஒரு பூகம்பம் வந்தால் சோழன் கட்டியது தாங்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. அதன் தலைமேல் நம் கொள்ளுத்தாத்தாவும் அப்பாவும் நாமும் ஏற்றி வைத்திருப்பது தாங்குமா என்றும் கேட்க வேண்டும்.

செங்கல்லிலிருந்து கல்லுக்கு

டெல்டாவில் கருங்கல் கிடையாது என்பது நாம் அறிந்ததே. தோண்டினால் வண்டல், களி, மணல். அதனால் தொடக்க காலக் கோயில்கள் செங்கல்லிலும் மரத்திலும் எழுந்தன. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார் இந்தச் செங்கல் தளிகளில் பலவற்றைப் பிரித்துக் கற்றளிகளாக்கினார். கோனேரிராஜபுரம், ஆடுதுறை, குத்தாலம் என்று பட்டியல் நீளும். கோனேரிராஜபுரத்துக் கற்றளியைத் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். வெளியூரிலிருந்து கல் கொண்டுவந்து, ஆற்று மண்ணில் அடித்தளம் போட்டு, ஒரு பெண்மணி ஒரு வாழ்நாள் முழுக்க நடத்திய திருப்பணி அது. பள்ளிக்கூடப் பாடத்தில் அவருக்கு இரண்டு வரிதான் கிடைத்தது என்பது என் பழைய வருத்தம்.

அவர் செய்தவற்றில் இன்றைய இஞ்சினியர் கவனிக்க வேண்டியது திருக்கோடிக்காவில் இருக்கிறது. கோயிலைக் கற்றளியாக மாற்றும்போது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டி வைத்தார்கள். இவை பழைய கல்லிலிருந்து எடுத்த படிகள் என்ற விவரத்தையும் சேர்த்தே பொறித்தார்கள். பிரிப்பதற்கு முன் பதிவு செய்! இன்று 'டாக்குமெண்டேஷன்' என்று தனிப் பாடமாக நடத்துகிறோம். ஆயிரம் வருடத்துக்கு முன் அது காவிரிக் கரையில் நடைமுறையாக இருந்தது. நடுவில் எப்போது மறந்தோம் என்பதுதான் புரியவில்லை.

அடுத்தது பெரிய கோயில். ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்த செய்தி கல்வெட்டில் உள்ளது. கட்டியவர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரும் கல்வெட்டிலேயே கிடைக்கிறது. 13 நிலை, சுமார் 216 அடி என்று எல்லோரும் சொல்லும் அந்த விமானத்தை அழகுக்காகப் பார்த்தவர்கள் ஒரு தடவை கட்டுமானத்துக்காகவும் பார்க்க வேண்டும்.

கருவறையைச் சுற்றி ஒரு சுவர் அல்ல, இரண்டு சுவர். நடுவில் நடைவழி. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி சோழர் கால ஓவியங்களைக் கண்டெடுத்தது இந்த நடைவழியில்தான். இரண்டு சுவர்களும் உயரே போய், கற்களை உள்நோக்கி நீட்டி நீட்டி அடுக்கி, ஒன்றாகச் சேர்ந்து கொள்கின்றன. அதற்கு மேல் கோபுரம் உள்ளே வெற்றிடமாகக் குறுகிக்கொண்டே போகிறது. அடி அகலமான சதுரம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி. மேலே போகப் போக எடை குறைவு. பூகம்பத்தைத் தாங்கும் கட்டடத்தின் இலக்கணம் என்று நம் பாடப் புத்தகங்களில் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது இந்த மூன்றும்தான். கல்லோடு கல்லைப் பிடித்து நிறுத்துவது சாந்து அல்ல, எடையும் உராய்வும். தரை ஆடும்போது இப்படிப்பட்ட கட்டடத்தில் கல் கல்லின் மேல் மயிரிழை நகரும். அந்த உராய்விலேயே ஆட்டத்தின் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து போகும்.

பெருந்தச்சன் பூகம்பத்தை மனதில் வைத்துத்தான் கட்டினார் என்று சொல்ல நான் வரவில்லை. இவ்வளவு எடையைக் கோணாமல் தரைக்கு இறக்க வேண்டும் என்று அவர் யோசித்திருப்பார்; மற்றது கூடவே வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இரண்டு கதைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் அல்ல, பல கற்கள் சேர்ந்தது. அதேபோல் கோயில் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிவிட்டுத் தானே நிமிர்ந்து நிற்கும் என்பதும் இல்லை. பொம்மைக்கு அடி உருண்டை, கோயிலுக்கு அடி சதுரம். ஆனால் அந்தப் பொம்மையிடம் ஒரு பாடம் இருக்கிறது. எடை முழுதும் அடியில் இருக்கும் வரைதான் அது நிமிரும். தலையில் ஒரு களிமண் உருண்டையை அப்பிப் பாருங்கள், படுத்துவிடும்.

இன்னொரு சங்கதி. தஞ்சை நகரம் வல்லம் பக்கத்திலிருந்து வரும் செம்மண் மேட்டின் விளிம்பில் இருக்கிறது. பெரிய கோயில் நிற்பது கெட்டித் தரை. கிழக்கே கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகை என்று போகப் போக ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஆழமாகிக்கொண்டே போகிறது. பெரிய கோயிலைக் காட்டி மற்ற கோயில்களுக்கு ஜாமீன் கொடுக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே ஏறிய கோபுரங்கள்

சோழர் காலத்தில் விமானம் உயரம், வாயில் கோபுரம் குட்டை. விஜயநகர, நாயக்கர் காலத்தில் இது தலைகீழானது. கும்பகோணம் சாரங்கபாணி, மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோபுரங்களை நினைத்துக் கொள்ளுங்கள். கீழே கருங்கல், நடுவில் தேர் போகும் அளவுக்கு வாசல். அதற்கு மேல் முழுதும் செங்கல்லும் சுண்ணாம்பும், உள்ளே கூடு. நிலைக்கு நிலை ஒரு திறப்பு, தாங்க உத்திரம், வெளியே சுதைப் பொம்மைகள், உச்சியில் படுத்த பீப்பாய் மாதிரி ஒரு கூரை, அதன் மேல் கலசங்கள். கல் ஒரு மாதிரி ஆடும், செங்கல் இன்னொரு மாதிரி ஆடும். உயரத்தில் ஆட்டம் பெருகும். எது பலவீனமோ அது உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் அடித்தளத்தோடு சில நூற்றாண்டுகள் நின்றுபோயிருந்த ராஜகோபுரம் 13 நிலை, 236 அடியாக 1987-ல் முடிக்கப்பட்டது. உயர்த்துவதில் நமக்கு இருக்கும் ஆசைக்கு அது சாட்சி. இருப்பதைப் பார்த்துக்கொள்வதில் நாம் எப்படி என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. பெரிய கோயிலுக்கு ஆயிரம் ஆண்டு என்று நாம் விழா எடுத்த அதே 2010-ல், மே 26 அன்று, காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ஏழு நிலைக் கோபுரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. பூகம்பம் எதுவும் இல்லை. விரிசல் பல வருடங்களாகக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. ஆட்களை முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. புதுக் கோபுரம் 2017-ல் குடமுழுக்குக் கண்டது. அது புதுசுதான். 1516-ன் கோபுரம் போனது போனதுதான்.

நம்ம ஊர்ல பூகம்பமா?

"அதெல்லாம் குஜராத்துல, ஜப்பான்ல சார்" என்று கேட்கும் தம்பிகளுக்காக. இந்தியாவின் பூகம்ப வரைபடத்தில் 1993 வரை மிகக் குறைந்த ஆபத்து உள்ள முதல் மண்டலம் என்று போட்டிருந்த இடத்தில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டம் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அதிகாலை கில்லாரியில் 6.2 அளவில் அதிர்ந்தது. சுமார் 8,000 பேர் இறந்தார்கள். காரணம் அதிர்வின் அளவு மட்டுமல்ல. மண் சாந்தில் அடுக்கிய கனமான கல் சுவர், மரத்தாங்கலின் மேல் அடி கணக்கில் மண் போட்ட கூரை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தக் கூரைதான் இறங்கியது. அதன் பிறகு 2002-ல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்ந்தது. 2016 பதிப்பிலும் தஞ்சை இரண்டாம் மண்டலம். இரண்டு என்றால் குறைவு. பூஜ்யம் என்று அர்த்தமில்லை.

1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஒரு அதிர்வு வந்து தென்னிந்தியாவில் பரவலாக உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி சுமாருக்குப் புதுச்சேரிக்கு வெளியே கடலில் 5.5. சென்னையில் மாடி வீடுகளிலிருந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தது நம்மில் சிலருக்கு நினைவிருக்கலாம். 2004 டிசம்பர் 26 நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுமத்ராவின் பூகம்பம் நம் கரைக்குத் தண்ணீராக வந்தது. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை தப்பியது. கடலரிப்பில் ஏற்கெனவே முன்பகுதியை இழந்திருந்த மாசிலாமணிநாதர் கோயில் மேலும் அடி வாங்கி, பின்னர் கல் தடுப்புக்குப் பின்னால் பழுதுபார்க்கப்பட்டது.

வண்டல் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரம் நொறுங்கியபோது பூகம்ப மையம் அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நகரம் நின்றது பழைய ஏரிப் படுகையின் களிமண்ணில். தூரத்தில் பிறந்த மெல்லிய அலையை அந்தக் களிமண் வாங்கிப் பல மடங்கு பெருக்கிக் கொடுத்தது. கிண்ணத்தில் இருக்கும் தயிரைத் தட்டினால் எப்படி ஆடுகிறதோ அப்படி. நம் டெல்டாவும் கிண்ணம்தான்.

மற்றவர்கள் கற்றது

நமக்கு உறவான கட்டடங்கள் அதிர்வில் என்ன ஆயின என்று பார்த்தால் நிறையத் தெரிகிறது. 2001 ஜனவரி 26 காலை பூஜ் நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் ஆயினா மகாலும் பக்கத்திலேயே 19-ஆம் நூற்றாண்டின் பிராக் மகாலும் கடுமையாகச் சேதமடைந்தன. அதே கட்ச் மாவட்டத்தில் கிராமத்து வட்டக் குடிசைகளான 'பூங்கா'க்கள் பெரும்பாலும் தப்பின. வட்டம், குட்டை, லேசான கூரை. அரண்மனைக்கு இல்லாதது குடிசைக்கு இருந்தது!

ஜாவாவின் பிரம்பனான் சிவன் கோயில் நமக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். ஒன்பதாம் நூற்றாண்டு, கல், 47 மீட்டர். குவியலாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி, எது எங்கே என்று பார்த்து, டச்சுக்காரர்கள் 1918-ல் தொடங்கிய வேலையை இந்தோனேசியா 1953-ல் முடித்தது. அந்தப் புனரமைப்பில் உள்ளே சிமெண்டும் கான்கிரீட்டும் சேர்த்தார்கள். 2006 மே 27 அதிகாலை யோக்யகர்த்தா அதிர்ந்தது. கோயில் வளாகம் விழவில்லை. ஆனால் உச்சிகளிலிருந்து கற்கள் உதிர்ந்தன, கற்கள் விலகின, சிவன் கோயிலுக்குள் மக்களைப் பல காலம் அனுமதிக்க முடியவில்லை. உள்ளே கான்கிரீட்டோடு ஒட்டிவிட்ட கல்லுக்குத் தனியே நகர்ந்து மறுபடி உட்காரும் சுதந்திரம் இல்லை. பார்த்துச் சரிசெய்யலாம் என்றால் பிரிப்பதும் லேசில்லை. ஏதென்ஸில் பார்த்தினான் கோயிலிலும் இதே கதைதான், பூகம்பம் இல்லாமலே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்லெண்ணத்தோடு பளிங்குகளை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். இரும்பு துருப்பிடித்து வீங்கிப் பளிங்கைப் பிளந்தது. 1975-ல் அமைத்த குழு அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்து டைட்டானியம் வைக்கும் வேலையைத் தொடங்கியது. கடற்காற்று அடிக்கும் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

காட்மாண்டுவின் காஷ்டமண்டபம் கதைதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடாமல் செய்தது. 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தில் அந்த மர மண்டபம் முழுதாக இடிந்தது. பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர்கள் நேபாள அதிகாரிகளோடு சேர்ந்து அடியில் தோண்டிப் பார்த்தார்கள். பழைய அஸ்திவாரம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது! குறை எங்கே என்றால், நான்கு பெருந்தூண்களில் ஒன்றுக்கு அடியில் இருக்க வேண்டிய பீடக் கல்லே இல்லை. முந்தைய தலைமுறை செய்த பழுதுபார்ப்பில் அது விட்டுப்போயிருந்தது. எத்தனையோ பூகம்பங்களைப் பார்த்த மண்டபம், ஒரு புனரமைப்பைத் தாங்கவில்லை. மறுபடி கட்டும்போது இரும்பும் கான்கிரீட்டும் வேண்டாம் என்று ஊர் ஜனங்களே கிளம்பிப் போராடி, பழைய முறையிலேயே மரமும் செங்கல்லுமாக எழுப்பினார்கள்.

இந்தியாவில் யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்காகவே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் கோபுரத்தையும் மண்டபத்தையும் எடுத்துக்கொண்டு, இத்தாலிய நிபுணர்களோடு சேர்ந்து பூகம்ப ஆய்வு செய்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் பிற்காலச் சேர்ப்புகளை அகற்றிப் பழைய தரை மட்டத்தை வெளிக்கொணர்ந்த திருப்பணிக்கு 2017-ல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. பெரிய கோயில்களுக்கு இப்படி ஆள் இருக்கிறது. பிரச்சினை சின்னக் கோயில்களில்தான். அங்கே இஞ்சினியர் என்றால் உபயதாரருக்குத் தெரிந்த கொத்தனார்.

மாமாவும் கான்கிரீட்டும்

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே சிவன் கோயிலில் தூண்கள் தாங்கும் முன் மண்டபம் ஒழுகுகிறது. ஐப்பசி மழையில் உற்சவர் தலைமேல் சொட்டுகிறது. திருப்பணிக் குழுச் செயலாளர் என் தாய்மாமா. வெளிநாட்டில் இருக்கும் ஓர் உபயதாரர் நாலு அங்குல கான்கிரீட் தளம் போட்டுத் தருகிறேன் என்கிறார். எஸ்டிமேட் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

மூலையில் இரண்டடிக்கு இரண்டடி தளத்தை உடைத்துப் பார்த்தோம். பாவுகல்லுக்கு மேல் சுமார் 7 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கெட்டித்து, கடப்பாரை பட்டால் மணி மாதிரி சத்தம் கேட்கிறது. அதன் மேல் தட்டோடு. அதற்கு மேல் பின்னால் வந்தவர்கள் போட்ட இன்னொரு ஜல்லித் தளம், இன்னொரு வரிசைத் தட்டோடு. அதற்கும் மேல் யாரோ பூசிய சிமெண்ட். மொத்தம் 15 அங்குலம். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் ஒழுகும் இடத்தை உடைத்து எடுக்காமல் மேலேயே பூசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டேன். மண்டபம் 200 சதுர மீட்டர். முதலில் போட்ட தளத்தின் எடை சுமார் 64 டன். இன்று இருப்பது சுமார் 135 டன். உபயதாரரின் கான்கிரீட் இன்னும் 48 டன். ஐ.எஸ். 1893-ஐ வைத்து உத்தேசமாகப் பார்த்தால் நம் மண்டலத்தில் இந்த மாதிரிக் கட்டடத்துக்கு எடையில் எட்டில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கொள்ள வேண்டும். ஆகவே கூரைப் பூச்சினால் மட்டும் தூண்களின் தலையைத் தள்ளும் விசை அன்றைக்கு 8 டன். கான்கிரீட்டும் போட்டால் 23 டன். தூணின் மேல் போதிகை, போதிகை மேல் உத்திரம், எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. கோத்துப் பிடிக்க எதுவும் இல்லை. உத்திரம் நாலு விரற்கடை நழுவினால் பாவுகல் கீழே வரும்.

"ஏண்டா மாப்ளே, ஊரே கான்கிரீட் போடுது. இஞ்சினியருக்குப் படிச்சவன் நீ வந்து வேணாங்கிறே. அப்ப எதுக்குப் படிச்சே?" என்றார் மாமா.

"மாமா, ஒழுகறதுக்குக் காரணம் மேல தளம் பத்தாததில்ல. தண்ணி வடியற தூம்பு அடைஞ்சிருக்கு, சரிவும் மாறிப்போச்சு. மேல இருக்கிற ரெண்டாவது தளத்தை எடுத்துட்டு, பழைய தளத்தைச் சுண்ணாம்பால சரி பண்ணி, சரிவு குடுத்துத் தட்டோடு பதிச்சா ஒழுகாது."

"எடுக்கறதுக்கு யாரு மாப்ளே உபயம் குடுப்பா? போட்டாத்தான் கல்வெட்டுல பேரு போடலாம்."

இதற்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. நம் கோயில்களின் தலைச்சுமைக்கு மூல காரணத்தை மாமா ஒரே வரியில் சொல்லிவிட்டார். சேர்த்தவருக்குப் பெயர் உண்டு, குறைத்தவருக்கு இல்லை. எழுபது டன் பாரத்தை இறக்கிய உபயதாரர் என்று ஒரு பலகை வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா சிரித்தார், மறுக்கவில்லை. குழு தை மாதம் கூடி முடிவு செய்யும். உபயதாரர் இன்னும் கான்கிரீட் பக்கம்தான்.

செய்யக் கூடியது என்ன

இதில் பெரும்பகுதி செலவு குறைந்த வேலை. முதலில் சுமையை இறக்குவது. கோபுரத்து இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் கையளவு இருக்கும்போதே எடுப்பது. வேர் தடித்தால் செங்கல்லைப் பிளந்துவிடும். உள்ளே கூடாகிப்போன சுவருக்குள் சுண்ணாம்புக் கூழைச் செலுத்தி நிரப்புவது. உத்திரமும் போதிகையும் நழுவாமல் இருக்கத் துருப்பிடிக்காத எஃகு முளைகள் வைப்பது, தேவைப்பட்ட இடத்தில் மட்டும். கோபுரத்து மேல் நிலைகளை உட்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் பட்டைகள். 1964 வெனிஸ் சாசனம் முதல் உலகம் முழுக்கச் சொல்லிவரும் நெறி, பழையதை முடிந்த வரை குறைவாகத் தொடுவது. பின்னால் வருகிறவன் கழற்றிப் போட்டுவிட்டு வேறு செய்ய வழி விட்டு வைப்பதும் அதில் சேர்த்தி என்பேன். பழைய செங்கல், கல் கட்டடங்களைப் பூகம்பத்துக்காகப் பலப்படுத்த ஐ.எஸ். 13935 என்ற வழிகாட்டியும் இருக்கிறது. மாணவர்கள் ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள், பரீட்சைக்கு வராது என்றாலும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து அரைத்த சாந்து சிமெண்டை விடக் கெட்டி என்று பெருமை பேசுவார்கள். கெட்டி இல்லை. அதன் பெருமை கெட்டியாக இல்லாததுதான். சுவர் லேசாக அசைந்தால் தானும் அசையும். மயிரிழை விரிசல் விட்டால் மழைநீரும் காற்றும் பட்டு மெல்லத் தானே மூடிக்கொள்ளும். ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் இது எதையும் செய்யாது. உள்ளே ஈரத்தை அடைத்து வைத்து, பழைய செங்கல்லை மாவாக்கி, ஒரு நாள் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

விரிசலைக் கண்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டி, தேதி எழுதி விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சில்லு முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. உடைந்திருந்தால் அது நகர்கிறது. அப்போது ஆள் கூப்பிட வேண்டும். பத்து ரூபாய்ச் செலவு. காளஹஸ்தி மாதிரி விரிசலைப் பார்த்துக்கொண்டே இருப்பதை விட மேல்.

எங்கள் ஊருக்கே திரும்புகிறேன். பாலாலயம் பங்குனியில் என்று பேச்சு. எது முடிவானாலும் அதற்கு முன் மண்டபத்தின் தூண்கள், உத்திரங்கள் எல்லாவற்றையும் அளந்து, எண் போட்டு, படம் வரைந்து வைத்தாக வேண்டும். அடிப்பட்டையில் சுண்ணாம்பு பூசிய கல்வெட்டுகள் ஐந்தாறு இருக்கின்றன. பூச்சை எடுத்துப் படியெடுக்க, எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் நான் கொண்டுவருகிறேன். சிவில் மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் நாலைந்து பேர் இரண்டு சனி, ஞாயிறு வந்தால் முடிந்துவிடும். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுப் பந்தலில் என்னைப் பிடிக்கலாம். தங்கலும் சாப்பாடும் மாமா வீட்டில். கான்கிரீட் பற்றி மட்டும் முதல் நாளே அவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.